என் கைக்கு எந்தக் கிதார்

குள்ளன் என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்று என் எதிரே சொல்லிவிட்டு எவனும் சும்மா போனதில்லை. யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்பு நான் குற்றாலத்தில் தபால் ஆபீஸ் குமாஸ்தா. வயது முப்பத்து மூன்று. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

அந்த வருஷச் சாரல் சீசனுக்கு, ஐந்தருவிப் பாதையில் ஒரு பங்களாவை ஆங்கிலோ இந்தியத் தம்பதி வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கணவருக்கு ரயில்வேயில் உத்தியோகம். அந்த அம்மாள் சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து கிதார் வாசிப்பார். வீணையும் பிடிலும் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. ஆனாலும் அந்த நரம்புச் சத்தத்தை முதல் தடவை கேட்டபோது நடந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் ஆபீஸ் முடிந்ததும் அந்த வழியாகத்தான் நடை. என் வீடு இலஞ்சியில். ஐந்தருவி அதற்கு நேர் எதிர்த் திசை.

ஆடி முடியும் சமயத்தில் அந்த அம்மாள் தந்தி கொடுக்க ஆபீஸுக்கு வந்தார். கணவருக்கு வடக்கே மாற்றலாகிவிட்டதாம், மறுநாள் காலையில் கிளம்புகிறார்களாம், மேஜை நாற்காலியெல்லாம் விற்றாகிவிட்டதாம். கிதாரை விற்பீர்களா என்று கேட்டேவிட்டேன். இரண்டு இருக்கின்றன, ஏதாவது ஒன்றைத் தரலாம், மற்றது செங்கோட்டையில் ஒரு சிநேகிதிக்கு என்றார். யாருக்கு என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன், எழுந்து நின்று. என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். பார்த்து முடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. "உங்களுக்குச் சின்னதுதான் சரி" என்றார்.

சாயங்காலம் ஓட்டமும் நடையுமாகப் போனேன். பெரியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். சின்னதை என் மடியில் வைத்து, ஒரு காலைச் சின்ன முக்காலியில் தூக்கி வைக்கச் சொல்லி, இடது கை விரல்களை எங்கே அழுத்துவது என்று காட்டினார். வீணையில் இருப்பதுபோல இதற்கும் குறுக்கே மெட்டுக் கம்பிகள் உண்டு. அந்தச் சின்ன மெட்டுகளுக்குள் என் மூன்று விரல்களும் கல்யாணப் பந்தியில் இடம் பிடிப்பதுபோல ஒன்றை ஒன்று இடித்தன. ஒரு நரம்பை அழுத்தினால் பக்கத்து நரம்பும் செத்துப்போகும். முழங்கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வந்ததெல்லாம் குளவி இரைகிற மாதிரி ஒரு கர்ர்.

அவர் பொறுமையாகத்தான் இருந்தார். காலையில் பத்து மணிக்கு வாடகைக் கார் வரும், அதற்குள் வந்து சொல்லுங்கள், பணத்தைப் பிறகு மணியார்டரில் அனுப்பலாம் என்றார். எனக்கோ அழுகை முட்டியது. இந்த ஜில்லாவில் இன்னொரு கிதாருக்கு எங்கே போவேன்? கையிலேயே வந்தும் வாசிக்க வரவில்லையே! முப்பத்து மூன்று வயதில் இதெல்லாம் எதற்கு என்று என்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. துக்கம் தீர எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம் என்று அருவிக்கரைக்குப் போனேன். எனக்கு வழக்கமாக எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் என் வயதுக்காரர்தான். சீசனுக்கு ஆயிரம் உடம்பு அவர் கையில் உருளும். தலையில் எண்ணெயை வைத்ததுமே கேட்டுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி தொங்கிப் போயி இருக்கு?"

சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, தேய்த்துக்கொண்டிருந்த என் இடது கையை இழுத்துத் தன் கையோடு வைத்துப் பார்த்தார். அவர் ஆறடி ஆள். என் விரல்கள் அவர் விரல்களுக்கு ஒரு நகக்கண்தான் குறைவு.

"சின்னதா? உங்களுக்கா? எவம் சொன்னான்? உங்க குட்டையெல்லாம் முட்டிக்குக் கீழதான அண்ணாச்சி இருக்கு! கையும் முதுகும் நெட்டையன் கை, நெட்டையன் முதுகு. எத்தன வருசமாத் தேய்க்கேன், எனக்குத் தெரியாதா? ஆமா, அத நின்னுக்கிட்டா வாசிக்காக?"

"உக்காந்துதான்."

"பொறவு என்ன? உக்காந்தா நீங்க எல்லாரும் போலத்தான். ஆபீஸ்ல உக்காந்திருக்கையில உங்களக் குட்டைன்னு எவனாவது சொல்லியிருக்கானா?"

யோசித்துப் பார்த்தேன். ஒருவனும் சொன்னதில்லை. குட்டை என்ற வார்த்தையையே அவர் இரண்டு தரம் சொல்லியிருந்தார், எனக்குக் கோபம் வரவில்லை. மணி ஒன்பதரை என்று அங்கே யாரோ சொன்னார்கள். கோவணத்துக்கு மேல் வேட்டியைச் சுற்றிக்கொண்டு, எண்ணெய் வழிய வழிய ஓடினேன். அவரும் சீயக்காய்ப் பொட்டலத்தோடு பின்னாலேயே ஓடிவந்தார். அரைத் தேய்ப்பில் ஆளை விடுவது அவருக்கு அவமானமாம்.

வழியில் கார் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அதேதான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிதார்ப் பெட்டி பின் சீட்டில் ஏறியிருந்தது. "பெரியது! பெரியதைக் காட்டுங்கள்!" என்று கத்தினேன். அந்த அம்மாள் என் கோலத்தைப் பார்த்துப் பதறி, அந்தக் கையால் எதையும் தொடாதே என்று அவரும் கத்தினார். எண்ணெய் தேய்க்கும் என் சிநேகிதர் முற்றத்துத் தொட்டித் தண்ணீரில் என் இரண்டு கையையும் முழங்கைவரை சீயக்காய் போட்டுப் பாத்திரம் விளக்குவதுபோல விளக்கினார். கணவர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ரயிலைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று ரயில்வேக்காரருக்கா தெரியாது!

வராந்தாப் படியில் உட்கார்ந்தேன். அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பெரியதை என் மடியில் வைத்தார். வைத்தவர் என் தோளையும் தன் தோளையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே மட்டம். முழங்கை தானாக கிதாரின் விளிம்பில் போய் உட்கார்ந்தது. முந்தின நாள் காட்டிய இடங்களில் மூன்று விரல்களையும் வைத்தேன். ஒன்றை ஒன்று இடிக்கவில்லை. கட்டை விரலால் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு.

ஆறு நரம்பும் சேர்ந்து சுத்தமாகப் பேசின.

கணவர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினார். அந்த அம்மாள் போய்ச் சின்னதை எடுத்துச் செங்கோட்டைக்குப் போகும் சாமான்களோடு வைத்தார். எனக்குக் கண்ணை நீர் மறைத்தது. ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார். எண்ணெய் கண்ணில் போய்விட்டது என்றேன்.

என் சிநேகிதருக்கு வந்ததே கோபம். "பொய் சொல்லாதிய அண்ணாச்சி! எங்கையால தேச்சு எவன் கண்ணுலயும் இன்னைக்கு வர எண்ண போனதில்ல" என்றார், அந்த அம்மாளுக்கும் கேட்கும்படியாக.