வெள்ளிப் பெயிண்ட் அடித்த டைனமோ

1932 அக்டோபரில், கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் ஊர் திரும்பும் கப்பலுக்கு எழுதப்பட்டவர்கள் அறுபத்திரண்டு பேர். அறுபத்து மூன்றாவதாக டிராக்டர் டிரைவர் வேலாயுதத்தின் பெயர் இருந்தது. அதன் பக்கத்தில் மட்டும் தோட்டக் கணக்கெழுதும் கிராணி இராமலிங்கம் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். வேலை இல்லாதவர்களைத் தோட்டங்கள் கடல் கடந்து சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. சனிக்கிழமை காலை தோட்ட மேலாளரான துரை வந்து பார்க்கும்போது டிராக்டர் ஓடினால் வேலாயுதம் தோட்டத்தில் இருக்கலாம். ஓடாவிட்டால் மனைவி நல்லம்மாளோடு கப்பலேற வேண்டும். நல்லம்மாள் பிறந்தது இந்த மண்ணிலேயே, பிரிக்பீல்ட்ஸில். ‘ஊர்’ என்பதைக் கண்ணால் பார்த்ததில்லை.

டிராக்டர் மிகப் பழையது. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் அதன் மேக்னெட்டோ முந்தைய ஆண்டே செத்துப்போனது. பிரிக்பீல்ட்ஸில் உடைத்துப் போட்ட லோரி ஒன்றிலிருந்து காயில், டைனமோ, பேட்டரி மூன்றையும் கொண்டுவந்து பொருத்தி அதை ஓடவைத்தவர் வேலாயுதம்தான். அதிலிருந்து பேட்டரி இருந்தால்தான் எஞ்சின் ஓடும். டைனமோ சுற்றினால்தான் பேட்டரி நிறையும். ஓராண்டு ஒரு குறையும் இல்லை.

ஆயுத பூசை முடிந்த மறுநாள் ரப்பர்ப் பால் வண்டியை இழுத்துக்கொண்டு போன டிராக்டர் பாதி வழியில் நின்றது. கிள்ளானில் பேட்டரியை நிறைத்துக்கொண்டு வந்து மாட்டினார். மறுநாளும் அதே கதை. பேட்டரி நிறைகிறதா, வடிகிறதா என்று காட்டும் அம்மீட்டரின் முள் கழித்தல் பக்கமே சாய்ந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் கிராணி டிராக்டர் கொட்டகைக்கு வந்தார்.

“டைனமோ எரிஞ்சு போச்சுன்னு துரைகிட்ட சொல்லிடவா வேலாயுதம்?”

“பொறுங்க ஐயா. எரிஞ்சிருந்தா வாசனை வரும்.”

“உன் டிராக்டர்ல சந்தன வாசனைதான் வருது.”

பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. டைனமோவுக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கரித்துண்டுகள் தேயவில்லை. வயர்களும் அறுபடவில்லை. டைனமோவைக் கழற்றித் தரையில் வைத்தார். நல்ல டைனமோவுக்குப் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் மோட்டார் போலச் சுற்ற வேண்டும். ஒரு வயரை அதன் முனையில் மாட்டி, இன்னொன்றை அதன் உடம்பில் வைத்தார். அசையவில்லை. வயரை அழுத்தித் தேய்த்தார். சட்டென்று டைனமோ சுற்றியது.

“சுத்துது!” என்றார் தேநீரோடு வந்து நின்ற நல்லம்மாள்.

வேலாயுதம் குனிந்தார். வயர் தேய்த்த இடத்தைப் பார்த்தார். வெள்ளிப் பெயிண்ட் உரிந்து இரும்பு தெரிந்தது.

பூசைக்காக டைனமோவைக் கழற்றிக் கழுவி, அதற்கும் அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் போல்ட்டுக்கும்கூட அவரே இரண்டு பூச்சு அடித்திருந்தார். மின்சாரம் ஒரு வயரில் போய், இரும்போடு இரும்பு தொடும் இடம் வழியாகத்தான் டைனமோவுக்குத் திரும்ப வேண்டும். அந்த இடத்தைப் பெயிண்ட் அடைத்துவிட்டது.

“என் புடவை கந்தலா இருந்துச்சு. இதுக்கு ரெண்டு பூச்சா?” என்றார் நல்லம்மாள். “கல்யாணப் பொண்ணு மாதிரி அலங்காரம் பண்ணினீங்க. அசையாம உக்காந்துகிச்சு.”

“கத்திய எடு, சுரண்டிடறேன்.”

டைனமோ உட்காரும் இடத்தையும் போல்ட்டுகளையும் இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, மறுபடி மாட்டினார். கைப்பிடியைச் சுழற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வேகத்தைக் கூட்டினார். முள் நடுங்கியது; சுழியைத் தாண்டிக் கூட்டல் பக்கம் போய் நின்றது. வேலாயுதம் அப்படியே சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நல்லம்மாள் ஆறிப்போன தேநீரைக் கையில் கொடுத்துச் சொன்னார்:

“அடுத்த வருசம் டைனமோவுக்குப் பொட்டு மட்டும் வச்சா போதும்.”

சனிக்கிழமை துரை டிராக்டரைத் தோட்டத்தை இரண்டு சுற்றுச் சுற்றவைத்தார். கிராணி அறுபத்து மூன்றாவது பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தார். அடுத்த வியாழக்கிழமை போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்பட்டபோது, வேலாயுதம் பால் வண்டியை இழுத்துக்கொண்டிருந்தார்.