இரண்டாவது இலக்கம்

மாமா எங்களோடு அவுஸ்திரேலியாவில், மெல்பேர்ன் பக்கத்துக் கிரான்பர்னில் இருந்தபோது அவருடைய அறைச் சுவரோரம் ஒரு சின்னச் சைக்கிள் நின்றது. ஊதா நிறம். பின்னால் இரண்டு குட்டிச் சில்லுகள். வவுனியாவில் இருக்கிற மகளுக்கென்று வாங்கியது. அவர் படகேறியபோது அவள் தாயின் வயிற்றில் இருந்தாள். அந்தச் சைக்கிள் அளவாக இருந்த வயதை அவள் எப்போதோ தாண்டிவிட்டாள். மாமாவிடம் இருந்தது தற்காலிக விசா. அதை வைத்துக்கொண்டு மனைவி பிள்ளையைக் கூப்பிட முடியாது, போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம் என்ற நிச்சயமும் இல்லை.

அவர் அம்மாவின் ஒரே தம்பி. அம்மாவும் நானும் அப்பாவின் ஸ்பொன்சரில் வந்து, அப்பா இறப்பதற்கு முன்பே குடியுரிமை எடுத்துவிட்டோம். எங்களுக்கு வாக்கு இருந்தது. அவருக்கு இல்லை.

அந்த முறை தேர்தலில், பெரிய கட்சிகளில் ஒன்று மாமாவைப் போன்றவர்களுக்கு நிரந்தர விசா தருவதாகச் சொன்னது. மற்றப் பெரிய கட்சி படகில் வந்தவர்களுக்கு ஒருபோதும் இல்லை என்றது. வேறு வீடு என்றால் அதோடு பேச்சு முடிந்திருக்கும். நாங்கள் டண்டினொங்கில், ஒரு பாடசாலை மண்டபத்தில் கூடுகிற தமிழ்க் கிறிஸ்தவ சபை. விசா தருவதாகச் சொன்ன கட்சி, கருக்கலைப்பிலும் கலியாண விஷயத்திலும் வேதத்துக்கு விரோதமாகப் போகிற கட்சி என்று எங்கள் சபையில் எல்லாருக்கும் மனக்குறை இருந்தது. அம்மாவுக்கும் இருந்தது.

அப்போதுதான் ஒரு சின்னக் கிறிஸ்தவக் கட்சியின் வேட்பாளர் ஆராதனைக்கு வந்தார். சாதுவான வெள்ளைக்கார மனிதர். பிறகு தந்த கடலை வடையைக் கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டு, இன்னொன்றும் கேட்டு வாங்கினார். எல்லாருக்கும் அவரைப் பிடித்துப்போனது. அவர் போன பிறகு, கதிரைகளை அடுக்கிக்கொண்டே விவாதம் தொடங்கியது.

"நல்ல மனுசன்தான், அங்கிள். ஆனா வெல்லமாட்டார்" என்றேன், சபை மூப்பரிடம்.

"வெல்லுறது எங்கட வேலையில்லை, மகன். சாட்சியா நிக்கிறதுதான் எங்கட வேலை."

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அன்ரி ஒருவர் நிமிராமலே கேட்டார். "அப்ப இந்தப் பிள்ளையின்ர பெண்சாதி, மகள்? அதுகள் ஆருக்குச் சாட்சி?"

எல்லாரும் மாமாவைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். மாமா தூக்கிய கதிரையைக் கீழே வைத்தார்.

"என்னை நினைச்சு ஒருத்தரும் கர்த்தருக்கு விரோதமாப் போட வேண்டாம். அவர் என்னைப் பாத்துக்கொள்ளுவார்."

மூப்பர் அழுதுவிட்டார். மாமாவின் தலையில் கைவைத்து நீண்ட நேரம் ஜெபித்தார். அது பொய்யான ஜெபம் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான்தான். அம்மாவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு யுத்தத்தில் நின்றுபோனது. அதனால் இப்படியான காரியங்களைக் குசினி மேசையில் நான் விளங்கப்படுத்துவது வழக்கம். இங்கே எல்லாப் பெயருக்கும் வரிசையாக இலக்கம் போடவேண்டும். ஒன்று போட்டவர் தோற்றால் வாக்கு இரண்டு போட்டவரிடம் போகும். அம்மா கவனமாகக் கேட்டா.

"அப்ப ரெண்டாவது ஆருக்கு?"

கிறிஸ்தவக் கட்சி தந்த மாதிரி வாக்குச்சீட்டில் இரண்டாவது இலக்கம், படகில் வந்தவர்களுக்கு இல்லை என்ற கட்சிக்குத்தான் இருந்தது. அதைச் சொன்னேன். அம்மா தம்பியைப் பார்த்தா. மாமா சட்டியிலிருந்து ஒரு மீன் பொரியலைக் களவாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"மருமகன் யூனிவர்சிட்டி போனது நம்பர் எழுதப் பழக்கத்தான் போல. அக்கா, நீங்கள் மனச்சாட்சிப்படி போடுங்கோ."

தேர்தலன்று அம்மா உபவாசம். வாக்குச்சாவடிப் பள்ளிக்கூட முற்றத்தில், இங்கத்தைய தேர்தல் வழக்கப்படி சொசேஜ் வாட்டுகிற புகைக்குள்ளால் சேலைத்தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தா. வாக்குப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. பல கிழமைகளாக நான் அந்த முகத்தைக் காணவில்லை.

வீட்டில் மாமா தேத்தண்ணி போட்டு வைத்திருந்தார்.

"போட்டாச்சோ, அக்கா?"

"ஓம் தம்பி. கிறிஸ்தவக் கட்சிக்கு ஒண்டு. அதோட விட்டுட்டன். மற்றக் கட்டங்களைத் தொடவே இல்லை. கர்த்தருக்கும் குடுத்தாச்சு, உனக்கு விரோதமாயும் ஒண்டும் செய்யேல்லை."

ஊரில் ஜனாதிபதித் தேர்தலில் அப்படித்தான். இரண்டு பெரியவர்களையும் பிடிக்காதபோது, வெல்லவே மாட்டாத மூன்றாவது ஆளுக்கு ஒன்று போட்டுவிட்டு வந்திருக்கிறா. அது செல்லும்.

"இஞ்ச அது செல்லாது, அம்மா" என்றேன். "எல்லாக் கட்டமும் நிரப்பாட்டி முழுக்கப் பழுதாப்போகும்."

"ஒண்டு போட்டதுமோ?"

"அதுவும்தான்."

மாமா கோப்பையின் விளிம்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவதாவது போட்டிருக்கலாம், அக்கா."

"நீதானே சொன்னனீ, மனச்சாட்சிப்படி..."

"ஓம். நான்தான் சொன்னனான்."

கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். அடுத்தவர் வீட்டில், அடுத்தவர் வாக்கில் தன் பிள்ளையின் முகம் தங்கியிருக்கிற ஒருவர் அந்த மண்டபத்தில் வேறென்ன சொல்லியிருப்பார் என்று அப்போதுதான் யோசித்தேன். அக்கா மட்டும் அந்தச் சொல்லைக் கேட்காமல் விடுவா என்று நம்பியிருக்கிறார்.

அம்மாவின் வாக்கு இல்லாமலே, விசா தருவதாகச் சொன்ன கட்சி வென்றது. சொன்னபடி விசாவும் வந்தது. மாமா சபையில் எழுந்து சாட்சி சொன்னார். கர்த்தருக்கும், தனக்காக உபவாசம் இருந்த எல்லாருக்கும் நன்றி என்றார். மூப்பரின் அல்லேலூயாதான் உரக்கக் கேட்டது. அம்மா தலையைக் குனிந்தபடி இருந்தா.

பிறகு மாமா டண்டினொங்கில் வேலைக்குக் கிட்ட ஒரு வீடு பார்த்துப் போனார். காரணம் உண்மைதான். மனைவிக்கும் மகளுக்கும் விண்ணப்பித்துவிட்டு இன்னும் காத்திருக்கிறார். பண்டிகைக்கு கேக் கொண்டு வருவார். ஹோலில் கதிரையில் இருந்து, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, "போட்டு வாறன் அக்கா" என்று எழும்புவார். குசினிக்குள் வருவதில்லை. அம்மா அந்த நாட்களிலெல்லாம் மீன் பொரித்து வைப்பா.

சைக்கிளை ஆருக்காவது குடுங்கோ என்றார். அது எங்கள் கராஜில் நிற்கிறது.

அடுத்த தேர்தல் வந்தபோது, எப்படி நிரப்புவது என்று அம்மா என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டா. வாக்குப் போட்டுவிட்டு வெளியே வந்து, அதே முற்றத்தில் சொசேஜ் புகைக்கு எதிரே ஒரு வாங்கில் இருந்தா.

"எல்லாக் கட்டமும் போட்டனான், அப்பன்."

"ரெண்டாவது?"

"தம்பிக்கு."

விசா தந்த கட்சிக்கு அம்மா போட்ட அந்த இலக்கம் இப்போது அவருக்குத் தேவையில்லை. அது அம்மாவுக்கும் தெரியும். மாமாவுக்கு போன் எடுக்கச் சொன்னா. அடித்துக்கொண்டே இருந்தது, வேலையில் இருந்திருப்பார்.

"பிறகு எடுப்பம்" என்றா, புகையைப் பார்த்துக்கொண்டு. எழும்பவில்லை.