கராஜில் இஞ்சி மணம்

கராஜுக்குள் யாரும் சமைப்பதில்லை. அதனால்தான் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அங்கிருந்து இஞ்சியும் கராம்பும் கறுவாவும் மணந்தபோது எனக்கு மனம் சரியில்லாமல் போனது.

மருமகனுக்குப் போன குளிர் காலத்தில் நெஞ்சு வலி வந்து, இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே, இனிச் சிகரெட் தொடமாட்டேன் என்று மகளின் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். மகள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வேலைக்குப் போகும்போது என்னிடம் சொல்வாள்: "அம்மா, உங்கட மூக்கை நம்பித்தான் போறன்."

ஊரில் ஆண்கள் சிகரெட் மணத்தை மறைக்கக் கராம்பு சப்பிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். ஆகவே கராம்பு மணத்தால் என் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

கேட்டுவிடலாமே என்பீர்கள். நாங்கள் மாமியும் மருமகனும் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் உள்ளவர்கள் அல்ல. ஊரை விட்டு இந்த டார்னெய்ட்டுக்கு வந்து இத்தனை வருடம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தும், தேநீரை மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "தேத்தண்ணி ஆறுது" என்பேன். அவரும் சுவருக்கே, "குடிக்கிறன்" என்பார். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

அவர் கடைக்குப் போன நேரம், ஃபிரீசரில் மீன் எடுக்கும் சாட்டில் கராஜுக்குள் போனேன். சுவர்த் தட்டில் ஒரு சின்னத் தராசு. ஊசியில்லாத சிறிஞ்ச் ஒன்று. சீனிப்பாணி போலத் தடித்த, நிறமில்லாத ஏதோ ஒன்று போத்தலில். சிறிஞ்சைக் கண்டதும் ஊசி எங்காவது கிடக்கிறதா என்று தேடினேன். பக்கத்தில் விரல் உயரத்தில் ஒரு போத்தல். அதன் மேல் சிரிக்கும் மனித உருவ பிஸ்கட் படம். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், அதுவும் பெரிய எழுத்தென்றால். இது எறும்பு எழுத்து. படத்தைப் பார்த்து, கேக்குக்குப் போடும் எசன்ஸ் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் இந்த மனுஷன் கேக் போட்டதே இல்லையே.

மீனை மறந்துவிட்டுப் போத்தலைக் குசினிக்குக் கொண்டுவந்தேன். புது எசன்ஸ் வாங்கினால் கேக்கில் ஊற்றுமுன் நாங்கள் பார்க்கும் விதம் ஒன்று உண்டு. ஒரு துளியைச் சுடுதண்ணீரில் விட்டு மணக்க வேண்டும். இன்னொரு துளியைச் சீனியில் விட்டு நாக்கில் வைக்க வேண்டும். சுடுதண்ணீரில் முதலில் கராம்பு பாய்ந்து வந்தது. பிறகு கறுவா. கருகிய சீனி மணம் நன்றாகவே இருந்தது. இஞ்சி மட்டும், டப்பாவில் கிடந்து பழசாய்ப்போன சுக்குத்தூள் மாதிரி எங்கோ பின்னால் நின்றது. புகையிலை இல்லை. இரண்டு தரம் மணந்து பார்த்தேன், இல்லை. சீனியை வாய்க்குக் கொண்டுபோனேன்.

"மாமி, வேண்டாம். அது வாயில வைக்கிறதில்லை."

வாசலில் மருமகன், கையில் கடைப் பையோடு. நான் கேத்திலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"வாயில வைக்காட்டி எதுக்காம்?" என்று கேத்திலைக் கேட்டேன்.

"புகைக்கு," என்றார் அவர் ஃபிரிஜிடம். "வேப் எண்டு சொல்லுவினம். சிகரெட் இல்லை. நிக்கொட்டினும் போடேல்லை. நானே கலக்கிறன், வாசம் மட்டும்தான்."

"அந்த வாசம் எங்க போகுதாம்?"

"நெஞ்சுக்குள்ள."

"வாயில வைக்கக் கூடாததை நெஞ்சுக்குள்ள விடலாமாம்."

அவர் பையை மெதுவாக நிலத்தில் வைத்தார். "கை சும்மா இருக்குதில்லை மாமி. சாப்பிட்டு முடிஞ்சா விரல் தேடுது." போத்தலைக் காட்டி, "உங்களுக்கு எப்பிடி மணக்குது? எனக்கு சவுக்காரம் மாதிரிக் கிடக்கு," என்றார்.

"கராம்பு கூட. இஞ்சி கிழடு."

"ரெண்டு கிழமை ஊறினால் சரியாகுமாம்."

"கேக்குக்குப் போடுற பிளம்ஸ் எண்டால் ஊறும்," என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து, "அவவுக்குச் சொல்ல வேண்டாம். இது முடிய நானே விடுறன்," என்றார். அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சிகரெட்டையும் 'இந்தப் பெட்டி முடிய' என்றுதான் முன்பு விட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குள் மகளின் கார் வந்து நின்றது. சப்பாத்தைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினாள்.

"என்னம்மா, இப்பவே கிறிஸ்மஸ் கேக் போடுறீங்களோ?"

மருமகன் என்னைப் பார்த்தார். ஓம் என்ற ஒரு சொல் போதும். மகள் நம்பிவிடுவாள், என் மூக்கை நம்பியது போல. ஆஸ்பத்திரி வாசலில் அவள் குந்தியிருந்து அழுதது நினைவுக்கு வந்தது. நான் சுவரைத் தேடவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"தம்பி, நீங்களே சொல்லுங்கோ."

சொன்னார். அவள் கத்தவில்லை. போத்தலை வெளிச்சத்தில் பிடித்து எறும்பு எழுத்தை முழுக்க வாசித்தாள். பிறகு இருவரும் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் சீனியைத் தொட்டியில் கழுவி ஊற்றிவிட்டு மீன் இல்லாமல் சமைத்தேன்.

அடுத்த கிழமை டொக்டரிடம் போனார்கள். அவரும் வேண்டாம் என்றுதான் சொன்னாராம். போத்தலை எறியவில்லை, அது இன்னும் கராஜ் தட்டில் சிரித்துக்கொண்டு நிற்கிறது. மீன் எடுக்கப் போகும்போதெல்லாம் தூக்கிப் பார்க்கிறேன். குறையவில்லை.

ஆனால் வேறு போத்தல் வாங்கியிருக்கலாம். அதனால் அவருடைய சேர்ட்டுகளை மெஷினுக்குள் போடுமுன் கொலரை ஒருதரம் மணந்து பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.