தகரக் கூரையும் என் டிஸ்டிங்ஷனும்

வளங்குன்றாக் கட்டட வடிவமைப்பு என்று ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது. இரண்டு வருடம் படித்து அதில் டிஸ்டிங்ஷன் வாங்கியவள் நான். எங்கள் மண்ணூரில் யாராவது "இன்னா படிப்பு அது?" என்று கேட்டால், "ஏசி இல்லாமலே வூட்ட ஜில்லுனு வச்சிக்கிற படிப்பு" என்று அம்மா சொல்லிவிடுவாள். அந்தப் படிப்பை நான் முழுக்க ஏசியில் உட்கார்ந்துதான் படித்தேன். செமினார் ஹாலில் குளிர் தாங்காமல் துப்பட்டாவைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு, ஜன்னலை எந்தத் திசையில் வைத்தால் காற்று வரும் என்று நோட்ஸ் எடுத்தேன். அந்த ஹாலில் திறக்கிற ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. சுற்றிலும் கண்ணாடி. வாசலில் மட்டும் மண்கல்லில் இடுப்பளவு ஒரு சுவர் கட்டி, அதற்கு விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள், வருகிற பெரிய மனிதர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள.

என் ஆய்வுக்கு வழிகாட்டியாக வாய்த்த சார், கம்ப்யூட்டரில் கட்டடத்தை வரைந்து, அதன் மேல் வெயிலை ஓடவிட்டு, உள்ளே எத்தனை டிகிரி இருக்கும் என்று கணிப்பதில் கில்லாடி. நிஜக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைப்பதில் அவருக்கு அவ்வளவு இஷ்டம் கிடையாது. தூசு அலர்ஜி என்பார்.

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில் ஒரு பெண்கள் ஹாஸ்டல். கம்பெனிகளில் அசெம்பிளி லைனில் வேலை செய்கிற பெண்கள் தங்குவது. மூன்று மாடி, வாசலில் 'பசுமைக் கட்டடம்' என்று பித்தளைப் பலகை. அந்தப் பலகை வாங்க ஆலோசனை சொன்னவர் எங்கள் சார்தான். பலகை மாட்டிய சூட்டோடு சூடாக ஓனர் மொட்டை மாடியில் இரும்புத் தூண் நட்டு, தகர ஷீட் போட்டு, இன்னொரு தளம் ஏற்றிவிட்டார். ஒரே ஹால், இருபது கட்டில். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் பகலில் அந்தத் தகரத்துக்கு அடியில்தான் தூங்க வேண்டும். நான் முதல்முறை போனது கத்திரி வெயில் தொடங்கிய வாரம். கட்டிலில் படுத்திருந்தவர்கள் யாரும் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விசிறிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஹாஸ்டல் மேனேஜர் மோசமான ஆள் இல்லை. "காலேஜ்லேர்ந்து ஒரு ரிப்போர்ட் குடுங்க மேடம். சூடு ஜாஸ்தின்னு நம்பர் வந்துச்சுன்னா, ஓனராண்ட காட்டி தகரத்துக்கு அடியில தெர்மாகோல் குடுத்து சீலிங் அடிச்சுடறேன். நான் சும்மா வாயால சொன்னா ஒத்துக்க மாட்டாரு" என்றார். ஆக, என் ஐந்து வார ரீடிங்தான் அந்த இருபது பேர் அடுத்த வருட வெயிலில் தூங்குவார்களா மாட்டார்களா என்பதை முடிவு செய்யப் போகிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ரீடிங் எடுக்க நான் கொண்டுபோனது சோப்புக் கட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டையும் காற்றின் ஈரத்தையும் தானாகக் குறித்துக்கொள்ளும். நாம் ஒரு அளவு வைத்துவிட்டால், சூடு அதைத் தாண்டும்போது சிவப்பு பல்பு மினுக்கும், தாண்டாவிட்டால் பச்சை. நான் முப்பத்திரண்டு டிகிரியில் வைத்தேன். ஆய்வுக்கு அந்த பல்பு தேவையே இல்லை. பார்க்க அழகாக இருக்குமே என்று வைத்தேன், மேதாவி.

அறைக்குப் பொறுப்பாக இருந்தது திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். வயர் கோர்க்கிற லைனில் வேலை. இருபது வயதுதான் இருக்கும். "என்னக்கா இது?" என்று கேட்டாள். ஆய்வுக்கு உட்படுகிறவர்களிடம் நோக்கத்தைச் சொல்லவே கூடாது, சொன்னால் முடிவு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்று சார் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். நானும் அச்சுப் பிசகாமல், "என் படிப்புக்கு ரீடிங் எடுக்கிறேன்மா. யாரும் தொடாம பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னேன். "சரிக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். சுவரில் ஆணி அடித்துப் பெட்டியை மாட்டிவிட்டு வந்தேன்.

வாரத்துக்கு ஒரு நாள் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து ஒரகடம் போவேன். ஹாஸ்டல் வாட்ச்மேன் அக்கா கீழேயிருந்து மேலே ஹாலுக்குப் போன் போட்டு நான் வந்திருப்பதைச் சொல்லுவார். மூன்று மாடி ஏறி, பெட்டியில் இருப்பதை லேப்டாப்பில் இறக்குவேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, மிஞ்சினால் முப்பது. அதைப் பார்க்கும்போது என் முதுகில் வியர்வை தண்ணீராக வழிந்துகொண்டிருக்கும். சாருக்குப் போன் செய்து, "உள்ள நிக்க முடியல சார், ஆனா கம்மியா காட்டுது" என்றேன். "உன் ஒடம்பு ஒண்ணும் கேலிப்ரேட் பண்ணி அளவு சரிபார்த்த கருவி இல்லம்மா" என்றார். மாட்டிய அன்று கொஞ்ச நேரம் மட்டும் முப்பத்தாறு காட்டியிருந்ததை, கருவி செட்டாகிற நேரம் என்று தள்ளிவிடச் சொன்னார். அவருடைய கம்ப்யூட்டரும் இருபத்தொன்பது என்றுதான் கணித்திருந்தது. ஏன் கணிக்காது? தகரம் என்று கொடுத்தால் மாடல் ஓடமாட்டேன் என்கிறது என்று கூரையைக் கான்கிரீட் என்று போடச் சொன்னவரே அவர்தான். போட்டவள் நான்.

வரைபடத்தில் இன்னொரு விசித்திரம். தினமும் மூன்று தடவை, ஒரே நேரத்தில், சூடு சட்டென்று இறங்கி, அப்புறம் மெதுவாக ஏறியது. சார் பூரித்துப் போனார். கனமான சுவர்கள் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாக விடுகிற விளைவு என்றார். தகரத்துக்கு ஏது கனம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஈரமும் அநியாயத்துக்கு அதிகமாக இருந்தது. அது கடற்காற்று என்றார். கடற்காற்று சென்னையைத் தாண்டி, தாம்பரத்தைத் தாண்டி, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் புகுந்து வந்து, இந்த ஒரு ஹாலில் மட்டும் வீசிவிட்டுப் போகிறதாம். இதையெல்லாம் வைத்துப் பதினோரு பக்கம் எழுதினேன். சூடு இறங்கிய நேரம் காலை ஆறரை, மதியம் இரண்டரை, இரவு பத்தரை. எங்கள் அப்பா ஆயுசுக்கும் ஷிஃப்ட் பார்த்தவர். கம்பெனி பஸ் வருகிற நேரத்தை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலையே வைப்பார்கள். அந்த வீட்டில் பிறந்த எனக்கு அந்த மூன்று நேரத்தைப் பார்த்தும் மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை. முதுகலை அப்படி வேலை செய்திருந்தது.

வைவா அமோகமாக நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் பதினோரு பக்கத்தைத்தான் குறிப்பாகப் பாராட்டினார். சார் அன்றைக்கே ஒரு பிரதியை ஹாஸ்டலுக்கு அனுப்பிவைத்தார். அவர் வாங்கிக்கொடுத்த பலகைக்கு நான் கொடுத்த சாட்சி ஆயிற்றே.

அந்தப் பரபரப்பில் பெட்டியைத் திரும்ப எடுக்க நான் போகவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு மதியம், கையில் மைசூர்பாகோடு போனேன். வாட்ச்மேன் அக்கா சாப்பிடப் போயிருந்ததால் போன் போட ஆளில்லை. நேரே மேலே ஏறினேன். ஆணியில் பெட்டி இல்லை. குனிந்து பார்த்தால் கட்டிலுக்கு அடியில், ஈரத் துண்டில் சுற்றி, துண்டின் ஒரு முனையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டு வைத்திருந்தார்கள். துண்டின் இடுக்கில் பச்சை பல்பு எரிந்துகொண்டிருந்தது.

திருநெல்வேலிப் பெண் எழுந்து உட்கார்ந்தாள். மாட்டிக்கொண்ட முகம் இல்லை அது, சாதித்த முகம். "நீங்க போன அன்னைக்கே சிவப்பு மினுக்க ஆரம்பிச்சிருச்சுக்கா. கம்பெனி லைன்ல சிவப்பு லைட்டு விழுந்தா சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் வச்சு மானத்த வாங்கிருவாரு. ஒங்களுக்கும் மார்க்கு போயிரும்லா? அதான் பச்சையிலயே நிக்க வச்சோம். ஷிஃப்ட் மாறயில வர்றவங்க துண்ட நனைச்சு வாளிய ரொப்பணும். ஹேண்ட்ஓவர்ல சொல்லிட்டுத்தான் போவோம். ஒருத்தரும் ஒருநா மறக்கல." கொஞ்சம் தயங்கி, "தொடக் கூடாதுன்னு சொன்னீயள்லா, அதான் நீங்க வந்தாச்சுன்னு கீழேருந்து போன் வந்ததும் தொடச்சு ஆணியில மாட்டிருவோம்" என்றாள். கம்பெனியில் ஆடிட் வருகிறது என்றால் எல்லாவற்றையும் இடத்தில் வைப்பது அவர்களுக்குப் பழக்கம்.

மைசூர்பாகை அவள் கையில் திணித்துவிட்டுக் கீழே ஓடினேன். மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்கதான மேடம் கையெழுத்துப் போட்டுக்கினு கீறீங்க? ஓனர் படிச்சிட்டாரு. சீலிங் தேவையில்லன்னுட்டாரு. அந்தப் பேப்பரை ஃபிரேம் போட்டு ரிசப்ஷன்ல மாட்டச் சொல்லிக்கீறாரு." ரிப்போர்ட் தப்பு என்று அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி டிராயரில் போட்டார். சாருக்குப் போன் செய்தேன். "சப்மிட் பண்ணியாச்சேம்மா. பிஎச்டி சேரும்போது இதையே ஒரு பாராவா எழுதிக்கலாம், நல்ல பாயின்ட்" என்றார். அப்போதும் பின்னால் ஏசி ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அந்த மனிதரிடம் நான் பேசியது அதுதான் கடைசி.

அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் ஓடிப்போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு கேவலமான ஆளாக நான் ஆகிவிடவில்லை. மறுபடி ஏறினேன். அவள் மைசூர்பாகை எல்லாக் கட்டிலுக்கும் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாஸாயிட்டீயளாக்கா?"

"பாஸாயிட்டேன்மா." பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து சொன்னேன். இங்கே சூடு என்று காட்டத்தான் அதை மாட்டினேன், சிவப்பு எரிந்திருந்தால்தான் உங்களுக்குச் சீலிங் வந்திருக்கும், இனிமேல் வராது, இதை முதல் நாளே உங்களிடம் சொல்லாதது என் தப்பு என்று.

அவள் தகரத்தை அண்ணாந்து பார்த்தாள். கோபப்பட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அத அந்தத் தகரத்துலயே கட்டித் தொங்க விட்டிருப்போமேக்கா" என்றாள்.

அன்றைக்கு அவளுக்கு நைட் ஷிஃப்ட். தூங்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் கைவிட்டுப் பெட்டியை எடுத்து, தன் நைட்டியில் துடைத்து என்னிடம் கொடுத்தாள். அது என் கையில் வந்து கொஞ்ச நேரத்தில் சிவப்பில் மினுக்கத் தொடங்கியது. அவள் துண்டைப் பிழிந்து முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தாள். அவளிடம் இருந்தது அந்த ஒரு துண்டுதான்.