டாக்டர் செபாஸ்டின் போட்ட துளை

செய்தி வந்தபோது நான் மெட்ரோவில் இருந்தேன். வைட்ஃபீல்டு போகும் காலைக் கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கைபேசியில் டாக்டரின் மனைவி ரீட்டா அக்காவின் பெயர் வந்தது. டாக்டரை மருத்துவமனையில் சேர்த்ததிலிருந்து அந்தப் பெயர் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

"வசந்தி, எங்க இருக்க?"

"டிரெயின்லக்கா."

"உக்கார எடம் இருக்கா உனக்கு?"

கணவரை இழந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத பெண் என்னைக் கேட்ட கேள்வி அது. எனக்கு விளங்கிவிட்டது. அடுத்த நிலையத்தில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, "சொல்லுங்கக்கா" என்றேன். அவர் சொன்னார்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் டாக்டர் செபாஸ்டினைப் பிரேசர் டவுனின் பல் மருத்துவராக அறிவீர்கள். உங்களில் சிலருடைய வாயில் அவர் அடைத்த பல் இன்னும் இருக்கும். எனக்கு அவர் வேறொரு வழியில் பழக்கம். கற்பனை விண்கலங்களைச் சிறிய உருவில் செய்து பார்க்கும் பைத்தியங்கள் சிலர் இந்த ஊரில் உண்டு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டை ஒட்டியிருந்த, மூடிவிட்ட கிளினிக்கில்தான் நாங்கள் கூடுவோம். நோயாளிகள் காத்திருந்த நாற்காலிகளில் எங்கள் கலங்கள் உட்கார்ந்திருக்கும்.

டாக்டர் கலம் செய்ய மாட்டார். கலம் நிற்பதற்கான பீடத்தைத்தான் செய்வார். பல் செட்டுக்கு அச்சு வார்க்கும் மாவைக் குழைத்து ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் குத்திக் குத்தி, நிலவின் தரையையும் பெயரில்லாத கோள்களின் பாறைகளையும் கொண்டுவந்துவிடுவார். ஏன் கலம் செய்வதில்லை என்பதை நான் போன முதல் நாளே கவனித்தேன். ரீட்டா அக்கா எங்களுக்கெல்லாம் நிறைய காபி ஊற்றினார். டாக்டருக்கு மட்டும் அரைக் கோப்பை. அவருடைய வலது கை எப்போதும் பேன்ட் பையில் இருந்தது. அது நடுங்கும். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள்.

என் கலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் நான் மென்பொருளில் குறை கண்டுபிடிப்பவள். வீட்டில் இரண்டு வருட ஞாயிறுகளைச் செலவழித்து, வேறொரு கோளுக்கு விதை நெல் ஏற்றிச் செல்லும் ஒரு சரக்குக் கலத்தைச் செய்தேன். பிளாஸ்டிக் தகடு, பேனா மூடி, பழைய மௌஸின் உள்பாகங்கள். பின்பக்கம் மூன்று என்ஜின்கள், மூன்றிலும் நீல விளக்கு. கண்காட்சி ஒன்று வந்தது. பீடத்துக்காக டாக்டரிடம் எடுத்துப் போனேன்.

அவர் கலத்தைத் தொடவில்லை. மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இது எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"புரியல டாக்டர்."

"எறங்குதா, கெளம்புதா, போயிட்டிருக்கா? அது தெரியாம நான் எப்படி பேஸ் பண்றது? பேஸ்ங்கறது கப்பலோட அட்ரஸ்ங்க, வசந்தி."

"போயிட்டிருக்கு" என்றேன். அந்த ஒரு சொல்லால் எனக்கு நிம்மதி போனது. போய்க்கொண்டிருக்கும் கலம் காற்றில் நிற்க வேண்டும். அதற்குக் கீழிருந்து ஒரு பித்தளைக் கம்பி வேண்டும். கம்பி நுழைய, முடிந்துபோன கலத்தின் வயிற்றில் துளை போட வேண்டும். நூலில் கட்டித் தொங்கவிட்டு எடை எங்கே சமமாகிறது என்று பார்த்தோம். பென்சிலால் அவர் காட்டிய இடத்தில் நான் புள்ளி வைத்தேன். உள்ளே அந்தப் புள்ளியை ஒட்டித்தான் விளக்குகளுக்கான ஒயர்கள் ஓடின. மூடி ஒட்டிவிட்டதால் திறந்து பார்க்கவும் வழியில்லை.

குழுவில் மஞ்சுநாத் என்றொரு நண்பர், கன்னடக்காரர், மின்சார டிரில் வைத்திருப்பவர். கொண்டுவரட்டுமா என்று கேட்டார். டாக்டர் வேண்டாமென்று தலையாட்டினார். "மெஷின் வேணாம் மஞ்சு. சூட்டுல பிளாஸ்டிக் உருகும், ஒயரைச் சுத்தி இழுத்துடும். கையாலதான் திருகணும்." சற்று நிறுத்தி, "நான் போடறேன்" என்றார்.

அறையில் எல்லோர் கண்ணும் அவருடைய பேன்ட் பைக்குப் போய்த் திரும்பியது.

மஞ்சுநாத் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "மேடம், பேடா, வேணாம். டாக்டர் நம்ம டாக்டர்தான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா ரெண்டு வருஷ வேலை. இன்னொரு தடவ யோசனை பண்ணுங்க."

எனக்கும் அதே பயம்தான். அடுப்படியில் ரீட்டா அக்காவிடம் போய் நின்றேன். நான் கேட்காமலே அவர் சொன்னார். கை நடுக்கம் தொடங்கிய புதிதில், ஒரு வயதான அம்மாவுக்குப் பல்லைக் குடையும்போது கருவி நழுவி உதட்டில் லேசாகக் கீறிவிட்டது. துளி ரத்தம். "அந்தம்மா ஒண்ணும் சொல்லல வசந்தி. மறுபடி வர்றேன்னுதான் சொல்லிட்டுப் போனாங்க. இவர்தான் சாயந்தரமே போர்டைக் கழட்டிட்டார். அப்புறம் டிரில்லைக் கையில எடுத்ததே இல்ல."

"இப்ப நான் என்னக்கா பண்றது?"

"வேணாம்னு சொல்லு, கோவிச்சுக்க மாட்டார்." அடுப்பைத் துடைத்தபடி சொன்னார், "ஆனா இனிமே யார்கிட்டயும் கேக்க மாட்டார்."

அடுத்த ஞாயிறு வரை எனக்குத் தூக்கம் சரியில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு தள்ளிப் போனால் எந்த ஒயர் அறுபடும் என்று காகிதத்தில் வரைந்து பார்த்தேன். மறுத்துவிடலாம் என்று கைபேசியை எடுப்பேன், வைத்துவிடுவேன். ஞாயிறு மழையோடு விடிந்தது. கலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனபோது, பள்ளத்தில் கவிழ்ந்து உடைந்துவிட்டால்கூட நல்லது, முடிவெடுக்க வேண்டியிருக்காது என்று ஒரு நினைப்பு வந்தது.

டாக்டர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். முதல் முறையாக அவருடைய இரண்டு கைகளையும் ஒன்றாகப் பார்த்தேன். வலது கை, யாரோ உள்ளிருந்து தட்டுவதைப் போல ஆடியது.

"பல் டாக்டர் கை தனியா நிக்காதுங்க" என்றார். "வாய்க்குள்ள வேலை செய்யும்போது மோதிர விரல் பக்கத்துப் பல்லு மேல உக்காந்திருக்கும். அதுதான் புடிமானம். இங்க பக்கத்துப் பல்லு இல்ல. உங்க கையைக் குடுங்க."

கலத்தைப் பிடித்திருந்த என் இடது கையின் விரல் முட்டிமேல் அவர் தன் மோதிர விரலை ஊன்றினார். நடுக்கம் என் தோள்வரை ஏறியது. பிறகு விரல் அழுந்த அழுந்த, அது குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது. சின்னத் துளைப்பானைப் புள்ளியில் வைத்துத் திருகினார். வெள்ளைச் சுருள் ஒன்று எழுந்து வந்தது.

"மூச்சு விடுங்க வசந்தி. நீங்க விடலேன்னா நானும் விட மாட்டேன்."

விட்டேன். அவர் திருகினார். நிறுத்தினார். ஊதினார். மறுபடி திருகினார். கடைசியில் மெல்லிய டக் என்ற சத்தம். துளை விழுந்தது. புள்ளியில், சரியான வட்டமாக. மஞ்சுநாத் கைதட்டினார். நான் ஸ்விட்சைப் போட்டேன்.

இரண்டு என்ஜின்கள் எரிந்தன. மூன்றாவது எரியவில்லை.

அணைத்துப் போட்டேன், தட்டினேன், பேட்டரியை மாற்றினேன். டாக்டரின் கைகள் இரண்டும் முழங்கால்மேல் கிடந்து ஆடின, பையில் ஒளிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு அழுகை வந்தது. கலத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அந்த வாரம் அவர் போனை எடுக்கவில்லை. ரீட்டா அக்கா எடுத்தார். "சரியா சாப்பிடல. கிளினிக்குக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கறார். நீ வா ஞாயித்துக்கெழம." ஒரு பழைய புண்ணை ஆற்றப்போய் அதைக் கிளறிவிட்டோமோ என்ற பயம் எனக்கு. கலத்தைப் பற்றிய கவலைகூட அதற்குப் பின்னால் போய்விட்டது.

ஞாயிறன்று அவரே கதவைத் திறந்தார். சவரம் செய்திருந்தார், அங்கங்கே தப்பிய முடிகளோடு. உட்காரச் சொல்லாமலே பேசினார்.

"ரெண்டு வழி இருக்கு. மேல்மூடியை அறுத்துத் திறந்து ஒயரைச் சேக்கலாம். இல்ல அப்படியே விட்டுடலாம். உங்க கப்பல், நீங்க சொல்லுங்க."

"விட்டுடலாம் டாக்டர்."

"எனக்காகச் சொல்றீங்களா?"

"இல்ல டாக்டர். மறுபடி அறுக்கறதைப் பாக்க எனக்குப் பயமா இருக்கு."

அவர் சிரித்தார். அந்த வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு என்று அக்கா பின்னால் சொன்னார். "அப்ப சரி. பயத்துல எடுத்த முடிவுக்கும் பேஸ் பண்ணலாம். அட்ரஸ் மாறிடுச்சு, அவ்வளவுதான். ஒரு என்ஜின் போன வண்டி எங்க போகும்?"

"ஒர்க் ஷாப்புக்கு."

"அதான்."

அப்படித்தான் அந்தப் பீடம் உருவானது. காற்றில்லாத ஏதோ ஒரு சிறு கோளில் கலங்களைப் பழுது பார்க்கும் தளம். பள்ளங்கள் நிறைந்த தரை, பல்லுக்குப் போடும் கிளிப் கம்பியை வளைத்துச் செய்த ஏணி, எரியாத என்ஜினை அண்ணாந்து பார்க்கும் இரண்டு ஆட்கள். ஒருவனுக்கு இடுப்பில் கை. மாவைக் குழைப்பது என் வேலை, ஊற்றுவதும் குத்துவதும் அவர் வேலை. அந்த வேலையில் நடுக்கம் அவருக்கு உதவியாகவே இருந்தது. நிதானமான கைக்கு இவ்வளவு நல்ல பாறை வராது என்று அவரே சொல்லிக்கொண்டார்.

கண்காட்சி நாளன்று வாடகைக் காரில் போனோம். பீடம் அவர் மடியில், கலம் என் மடியில். ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரிடம் "மெல்லகே, மெல்லகே" என்று கன்னடத்தில் கெஞ்சினார். மண்டபத்தில் கலத்தைக் கம்பியில் இறக்க வேண்டிய நேரம் வந்தது. சுற்றிலும் ஆட்கள். நான் தனியாகச் செய்துவிடலாம் என்று பார்த்தேன். அவர் பையிலிருந்து கையை எடுத்து, எல்லோரும் பார்க்க என் கைமேல் விரலை ஊன்றினார். யாரோ ஒருவர் உற்றுப் பார்த்தார். டாக்டரும் அவரைப் பார்த்து, "பார்க்கின்சன்ஸ். நீங்க தள்ளி நில்லுங்க, இடிச்சிடப் போறேன்" என்றார். கலம் இறங்கி உட்கார்ந்தது. அன்று முழுக்க, ஒரு விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம், "ரிப்பேர் நடந்துட்டிருக்கு, பாருங்க" என்று காட்டிக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் குழுவில் பலருடைய கலங்களுக்குத் துளை போட்டார். துளை போடும் முன் எப்போதும் பயந்தார். ஒவ்வொரு முறையும் எங்களில் யாராவது ஒருவர் கையைக் கொடுத்தார்.

இந்த மழைக்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி மருத்துவமனைக்குப் போனார். நான் பார்க்கப் போன அன்று மூக்கில் குழாய் இருந்தது, பேச வேண்டாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். பேசினார். "மஞ்சுவோட கப்பலுக்கு பேஸ் ஒத்துக்கிட்டேன். தண்ணிக்குள்ளேருந்து எழும்பற மாதிரி வேணுமாம். எப்படின்னு இன்னும் தெரியல." உயிர் போவதைப் பற்றிய பயம் அந்த முகத்தில் இருந்ததா என்று தெரியாது. வேலையைப் பற்றிய பயம் இருந்தது.

அடக்கம் முடிந்த பிறகு ரீட்டா அக்கா கிளினிக்கைத் திறந்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார். மாவு டப்பாவை எடுத்துக்கொண்டேன். பாதி இருந்தது. மஞ்சுநாத்தின் பீடத்தை நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து நிம்மதியில்லை. தண்ணீர் எழும்புவதை மாவில் எப்படிக் கொண்டுவருவது என்று எனக்கும் தெரியாது. முதல் வார்ப்பு விரிசல் விட்டது. இரண்டாவது கட்டி கட்டியாகப் போனது.

டாக்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது தைரியம் என்று எழுதினால் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. அவருக்கே அது கிடையாது. பயந்துகொண்டே ஒரு வேலையைத் தொடங்கலாம், பயம் தெளியக் காத்திருக்க வேண்டியதில்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.

போன ஞாயிறு மூன்றாவது முறையாக ஊற்றினேன். அந்த மாவு இறுகும்போது தானாகச் சூடேறும். சரியாகப் பிடித்திருக்கிறதா என்று தெரியாமல் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கதகதப்பு ஏறி வந்தது.