காபி ஊற்றியவள்

திருவண்ணாமலை நூலகத்தில் அந்த அம்மாளைச் சந்தித்தேன். குவைத்தில் வீட்டுவேலை செய்து திரும்பியவர். அரபு நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளாகத் தேடி எடுப்பார். வீங்கிய கால்களை எதிர் நாற்காலியில் நீட்டிக்கொண்டுதான் படிப்பார்.

"நாவல் எப்படிங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லாத்தான் எழுதுறாங்க, அழுகையே வந்துடுது. ஆனா விருந்தாளி வந்தா காபி தானா வந்துடுதுங்க. அந்த ஊர்ல, வந்தவங்க போதும்னு கப்பை ஆட்டுற வரைக்கும் ஒருத்தி நின்னுக்கினே ஊத்தணும். அவளைப் பத்தி ஒரு வரி இல்ல."

"அப்புறம் ஏன் படிக்கிறீங்க?"

"ஒரு புக்லயாவது அவளை உட்காரச் சொல்லுவாங்களான்னு பாக்குறேன்" என்றவர், அலுப்போடு பக்கத்தைத் திருப்பினார்.

பிறகு என் அலமாரியிலிருக்கும் தமிழ் நாவல்களை எடுத்துப் புரட்டினேன். காபி வருகிறது. கொண்டுவந்தவளை அங்கேயும் யாரும் உட்காரச் சொல்லவில்லை.