வெள்ளைப் பூ சொன்ன மிக்ஸி

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு தடவையும் பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். எழுதினால் சாமி குத்தம் ஆகிவிடுமோ என்று ஒரு பயம். போய்ச் சேர்ந்த மனுஷரைக் குறை சொன்னது போல ஆகிவிடுமோ என்று இன்னொரு பயம். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவள். நான் ஒன்றை நினைத்து எழுத, படிக்கிறவர்கள் வேறொன்றாக எடுத்துக்கொள்வார்களோ என்கிற கூச்சமும் உண்டு. ஆனால் எங்கள் சொந்தத்துக்குள் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் நடந்தது நடந்தபடி ஓர் இடத்தில் இருக்கட்டும் என்று முருகனை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் வீடு கல்லலில். என் வீட்டுக்காரர் வயலையும் பார்த்துக்கொண்டு, ரயிலடிப் பக்கம் ஒரு உரக்கடையும் வைத்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து எனக்கு வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு, பிரித்து, எண்ணெய் தேய்த்து நீவி எல்லாம் பார்த்தாகிவிட்டது. எலும்பு கூடியது, பிடி வரவில்லை. கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மடங்க மாட்டேன் என்றன. பரவாயில்லை என்று எல்லாவற்றுக்கும் இடது கையைப் பழக்கினேன். கரண்டி பிடித்தேன், கோலம் போட்டேன், வாளியில் தண்ணீர் எடுத்தேன். அம்மி மட்டும் ஒரு கைக்கு அடங்கவில்லை. குழவியை இரண்டு பக்கமும் பிடித்தால்தானே அது ஓடும்.

எங்கள் பக்கத்துச் சமையலில் அரைக்காமல் ஒரு வேளை ஓடாது. மிளகாய், மல்லி, சோம்பு, தேங்காய் என்று ஏதாவது ஒன்று அம்மிக்குப் போயே ஆக வேண்டும். அடுத்த தெருவில் கட்டிக்கொடுத்திருந்த என் நாத்தனார்தான் காலையில் வந்து அரைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு வெல்லம். அவள் வீட்டிலும் பெரிய குடும்பம். எத்தனை நாளைக்குத்தான் இரண்டு வீட்டு அம்மியிலும் அவளே குனிந்து கிடப்பாள்? அதனால் ஒரு பேச்சுக் கிளம்பியது. சிங்கம்புணரியில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு சித்தி தனியாக இருந்தார். ஆடி கழிந்ததும் அவரை வரவழைத்து எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டு சமையலை ஒப்படைத்துவிடலாம் என்றார்கள். எல்லாரும் என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பேச்சு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அடுப்புக்கு முன்னால் இன்னொருத்தி நின்றால், நான் என் வீட்டிலேயே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போக வந்தவள் மாதிரிதானே? அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. சொன்னால், வயசான மனுஷிக்கு ஒரு கவளம் சோறு போட மனசில்லாதவள் என்று ஆகிவிடும்.

என் வீட்டுக்காரருக்கு என் முகத்தைப் படிக்கத் தெரியும். ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, காரைக்குடியில் மிக்ஸி என்று ஒன்று விற்கிறார்களாம், கரண்டில் ஓடுமாம், சித்திக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால் அதை வாங்கிப் பார்த்துவிடலாம் என்றார். நானும் வரட்டுமா என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். அந்தக் காலத்தில் மிஷின் சாமான் வாங்கப் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. அவர் மட்டும் முதல் பஸ்ஸுக்குப் போனார்.

கடையில் இரண்டு மிக்ஸி இருந்ததாம். ஒன்று பெரியது. ஆட்டுக்குட்டி கனம், மூன்று ஜாடி, முன்னால் திருகுகிற சுவிட்சு. இன்னொன்று சின்னது, ஒரே ஒரு ஜாடி, உயரமான டம்ளர் மாதிரி. கடைக்காரர் சின்னதைக் கையில் எடுத்துக்கூடக் காட்டவில்லை. அது ஒத்தை ஆள் பழத்தைப் போட்டு அடித்துக் குடிக்கிற சாமான், குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லியிருக்கிறார். பெரியதன் விலை என் வீட்டுக்காரரை யோசிக்க வைத்தது. சின்னதை வாங்கிப் போனால் பார்க்கிறவர்கள் கேலி செய்வார்களே என்றும் இருந்தது. முடிவுக்கு வர முடியாமல் அப்படியே குன்றக்குடி முருகன் கோயிலுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

எங்கள் வீட்டில் எது ஒன்றும் இழுபறியானால் முருகன் சந்நிதியில் பூப் போட்டுப் பார்ப்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இன்னதுக்கு வெள்ளை, இன்னதுக்குச் சிவப்பு என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு, இரண்டையும் சந்நிதியில் போட்டுவிட்டு, பூசாரியை ஒன்றை எடுக்கச் சொல்வோம். வயல் வாங்கியதும் நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அப்படித்தான். இவர் பெரிய மிக்ஸிக்கு வெள்ளை, சின்னதுக்குச் சிவப்பு என்று வைத்திருக்கிறார். வெள்ளை வந்தது. அப்புறம் அவருக்கு யோசனையே இல்லை. திரும்பக் காரைக்குடிக்குப் போய்ப் பெரியதை வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அட்டைப்பெட்டியின் மேல் குன்றக்குடித் திருநீறு.

சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, முதல் அரைப்பை அவரே அரைத்தார். தேங்காய்ச் சட்னி. கண்ணை மூடித் திறப்பதற்குள் வெண்ணெய் போல வந்துவிட்டது. தெருவே வந்து பார்த்தது. நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் அவர் வயலுக்குப் போன பிறகு நான் தனியாக நின்றேன். வதக்கின தக்காளியும் வெங்காயமும் வரமிளகாயும் போட்டு மூடியை வைத்தேன். அந்தக் காலத்து மிக்ஸி மூடி சும்மா மேலே உட்காருவது. ஒரு கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சுவிட்சைத் திருக வேண்டும். எனக்கு ஏது இன்னொரு கை? வலது முழங்கையை மூடி மேல் வைத்து, இடது கையால் திருகினேன். மூடி பறந்தது. சுவரெல்லாம் சிவப்பு. முருகன் படத்தின் மேல்கூட இரண்டு சொட்டு. முதலில் படத்தைத் துடைத்து ஒரு திருநீறு வைத்துவிட்டு, சுவரைத் துடைக்கத் திரும்பும்போது நாத்தனார் வாசலில் நிற்கிறாள்.

"என்ன மதினி, சுவத்துக்கும் சட்னி வச்சுட்டீகளா? இனிமே அது இட்லியும் கேக்குமே."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்துக்கொண்டே துணியை வாங்கித் துடைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் என்னென்னவோ செய்து பார்த்தேன். மூடி மேல் இஞ்சி தட்டுகிற கல்லை வைத்தேன். அது ஆடி உருண்டு காலில் விழப் பார்த்தது. மூடியைத் துணியால் கட்டலாம் என்றால் முடிச்சுப் போடவும் இரண்டு கை வேண்டும். அவர் வீட்டில் இருக்கும்போது பிடித்துக்கொள்வார். அவர் இல்லாத நேரம் நாத்தனார் வர வேண்டும். அம்மியில் குனிந்தவள் இப்போது மிக்ஸிக்கு மூடி அமுக்க வந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். கடையில் கொடுத்துவிட்டுச் சின்னதை வாங்கலாமா என்று ஒரு தடவை மெதுவாகக் கேட்டேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. சாமி சொன்னதை மாற்றக் கூடாது, பழகப் பழக வந்துவிடும் என்றார். சித்தியைக் கூப்பிடும் பேச்சு மறுபடியும் எழுந்தது.

ஆடிக் கிருத்திகை வந்தது. அன்றைக்கு நாள் பூராவும் விரதம் இருந்து, சாயங்காலம் பஞ்சாமிர்தம் படைப்பது எங்கள் வீட்டு வழக்கம். சாமி சொன்ன மிக்ஸியில்தான் செய்ய வேண்டும் என்றார் அவர். நாத்தனார் மூடியை அமுக்க, நான் சுவிட்சைத் திருக, வாழைப்பழமும் வெல்லமும் பேரீச்சையும் கூழாகப் போய்விட்டன. நாத்தனார் கரண்டியை விட்டுத் தூக்கிப் பார்த்தாள். ஒழுகியது.

"அண்ணே, முருகனுக்கு இன்னைக்கு டம்ளர்லதான் படைக்கணும்" என்றாள்.

நான் வேறு பழத்தை எடுத்து உரித்து, இடது கையாலேயே பிசைய ஆரம்பித்தேன். பஞ்சாமிர்தத்துக்கு என்றைக்கு மிஷின் வேண்டியிருந்தது? பழம் கையில் குழைய, வெல்லமும் தேனும் நெய்யும் சேர, கொஞ்ச நேரத்தில் பதம் வந்துவிட்டது. அவர் நிலைப்படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் இடது கை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அவர் அன்றைக்குத்தான் நிதானமாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

பூஜை முடிந்தது. மிக்ஸியில் கூழாகிப் போனதைப் பாலில் கரைத்து ஆளுக்கொரு டம்ளர் குடித்து விரதத்தை முடித்தோம். உண்மையைச் சொல்ல வேண்டும், ரொம்ப நன்றாக இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிறாதீக. சந்நிதியில என்னன்னு நெனச்சுப் பூப் போட்டீக?"

"ரெண்டுல எது நல்ல மிஷினுன்னு நெனச்சேன்."

"சரியாத்தான் சொல்லிருக்காரு. இது நல்ல மிஷின்தான். இந்தக் கைக்கு எது ஆகும்னு நீங்க கேக்கலையே. அதைக் கேக்கக் குன்னக்குடி வரைக்கும் போகணுமா? நான் இங்குட்டுத்தான இருக்கேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு எழுந்துபோய் முருகன் படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பயந்துவிட்டேன், ஏதாவது தப்பாகப் பேசிவிட்டோமோ என்று. திரும்பி வந்து, காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி இரு என்று மட்டும் சொன்னார்.

அந்தக் காரைக்குடிக் கடைக்காரருக்கு எந்தப் பெண் போனாலும் ஆச்சிதான். "வாங்க ஆச்சி" என்று நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. சின்னதை எடுத்து வைக்கச் சொன்னேன். அவர் மறுபடியும், அது ஒத்தை ஆளுக்கு, குடும்பத்துக்கு ஆகாது என்று ஆரம்பித்தார்.

"ஒத்தை ஆளு இல்லண்ணே. ஒத்தைக் கை" என்றேன்.

அவர் உடனே எடுத்து வைத்தார். ஜாடி அடிப்பாகத்தில் அழுந்த உட்கார்ந்துகொண்டது, ஆடவில்லை. மூடி ஊறுகாய்ப் புட்டி மூடி மாதிரி திருகுமூடி. இடது கையாலேயே திருகினேன், இறுகியது. பக்கத்தில் ஒரு பொத்தான், ஒரு விரலால் அமுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும். சும்மா ஓட்டிப் பார்த்தால் போதாது, ஏதாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். பெட்டிக்கடையிலிருந்து இரண்டு வாழைப்பழமும் டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் பாலும் வாங்கிவந்தார்கள். கடையில் இருந்த எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். என் வீட்டுக்காரர் பழக்கத்தில் மூடியைப் பிடிக்கக் கை நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

உரித்தேன், போட்டேன், திருகினேன், அமுக்கினேன். மூடி பறக்கவில்லை. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கை ஒடிந்த பிறகு யாருடைய உதவியும் இல்லாமல் நான் அரைத்தது அதுதான் முதல். வாய்க்குள் முருகா என்றுதான் வந்தது. முதல் டம்ளரை அவருக்கு ஊற்றினேன். அவர் குடித்துவிட்டு, "சர்க்கரை போடலையே" என்றார். கண் கலங்கியிருந்ததை மறைக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

பூசை போட்டுப் புழங்கிய பெரியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அதுவும் நியாயம்தான். நாத்தனார்தான் அதற்கு வழி சொன்னாள். சாமி குடுத்த மிஷினை வீணாக்க வேண்டாம், தன் வீட்டுக் கூட்டத்துக்கு அதுதான் சரி என்று தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்கு இரண்டு கையும் இருக்கிறது, மூடி அடங்கி இருந்தது.

சின்னதிலும் குறை இல்லாமல் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் கருகின வாடை வரும், நிறுத்தி ஆறவிட வேண்டும். இட்லிக்கு மாவு நாத்தனார் வீட்டிலிருந்துதான் வந்தது. ஆனால் தினப்படிக் குழம்புக்கும் சட்னிக்கும் நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. சித்திக்கு ஆள் அனுப்பவே இல்லை. பொங்கலுக்கு அவர் விருந்தாளியாக வந்தார். பல் இல்லாத வாய்க்கு நான் வாழைப்பழத்தைப் பாலில் அடித்துக் கொடுத்தேன். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, பத்து நாள் இருந்து சந்தோஷமாகப் போனார்.

இப்போது சொந்தத்துக்குள் சிலர், அன்றைக்குக் குன்றக்குடி முருகன் என் கையைக் குணமாக்கிவிட்டார் என்று சொல்கிறார்கள். இல்லை. இதையும் இடது கையால்தான் எழுதுகிறேன், கோணல் எழுத்துக்கு அதுதான் காரணம். வேறு சிலர் பூ பொய்த்துவிட்டது என்கிறார்கள். அதுவும் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொன்னால், என் கையைச் சரியாக்க வேண்டாம், பூவைப் பொய்யாக்க வேண்டாம், என் வீட்டுக்காரரைப் புத்தி இல்லாதவராக்கவும் வேண்டாம். முருகனைக் கேட்டார், அப்புறம் என்னையும் கேட்டார். சுவரில் தெறித்த சட்னி உட்பட, இருக்கிறபடியே சொல்லுங்கள். அது போதும்.